மூணு ஆபீசரம்மா

சிவனாண்டி வயலிலிருந்து திரும்பியபோது, விருந்தாளிக்கு மட்டுமே எடுக்கும் வெண்கல டம்ளர் கழுவிக் கவிழ்த்தியிருந்தது.

“ஏட்டி, இன்னைக்கும் ஆளு வந்துச்சா?”

“மனு எழுதுத ஆபீசரம்மா வந்தாவ,” என்றாள் மனைவி முத்துத்தாய். “தீப்பெட்டி ஆபீஸ் பஸ் இனி நம்ம ஊருக்குள்ள வரக்கூடாதாம்.”

பத்து வயது மகள் பேச்சி அந்த பஸ்ஸில்தான் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் குச்சி அடுக்கப் போகிறாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லித் திங்கட்கிழமை ஒரு ஆபீசரம்மா வந்தாளாம். புதன்கிழமை இன்னொருத்தி தெருப் பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்தாளாம். இன்று மூன்றாமவள்.

“ஒரு புள்ளைக்கு எதுக்குட்டி மூணு பேரு?”

“வீட்டுக்கு ஒருத்தி, தெருவுக்கு ஒருத்தி, ஊருக்கு ஒருத்தி. சமூக நலம்னா அப்படித்தானாம்.”

மறுவாரம் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிப்போய் சமூக நல ஆபீசில் சத்தம் போட்டான். குமாஸ்தா திருதிருவென விழித்தார்.

“அந்த வேலைக்கு இன்னும் ஆளே வரல வே. தை மாசந்தான் ஒரு அம்மா வாராவ.”

“அப்போ எங்க வீட்டுக்கு வந்தது யாரு சார்? மனுவெல்லாம் எழுதினாவளே?”

“மனு வந்திருக்கு.” குமாஸ்தா எடுத்து வாசித்தார். “பன்னெண்டு பொம்பளைக கைநாட்டு. எழுதினது முத்துத்தாய், கணவர் பெயர் சிவனாண்டி.”

வீட்டுக்கு வந்தான். டம்ளர் கவிழ்த்தியிருந்தது.

“ஆபீசரம்மா வந்தாவளா?”

“வந்தாவ.”

டம்ளரை எடுத்து நிமிர்த்தி முத்துத்தாய் முன்னால் வைத்தான்.

“நாளைக்கு வந்தா, பேச்சி பள்ளிக்கூடம் போயிட்டான்னு சொல்லிரு.”