முப்பத்திரண்டு இருக்கையும் நிரம்பிய நாள்

முப்பத்திரண்டு இருக்கையிலும் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது. விமானக் கதவருகே நின்று வரவேற்றுக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என்ன தலைவி, அழறீங்களா?" என்றான் உடன் வேலை பார்க்கும் டெரன்ஸ்.

"அழலடா. நீ போய் அவங்க கோட்டெல்லாம் வாங்கி மாட்டு."

அழுதால்தான் என்ன தப்பு? நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குத் தினம் காலையில் ஒரே ஒரு விமானம், அதுவும் பிசினஸ் வகுப்பு மட்டும். 'டன்லீவி அட்லாண்டிக்' கம்பெனியின் மொத்த சாம்ராஜ்யமே அவ்வளவுதான்.

பெரிய கம்பெனிகள் இதே வழியில் நாளைக்குப் பத்து விமானம் விடுகின்றன. மீட்டிங் இழுத்துவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். ஏறினால் இலவசப் பயணத்துக்குப் புள்ளிகள் வேறு சேரும். அப்புறம் எந்த வங்கிக்காரன் இவர்களைத் தேடி வருவான்? ஐந்து மாதமாக ஏழு பேர், எட்டுப் பேர். ஒரு நாள் ஒரே ஒருத்தர் வந்தார். அவருக்கும் பாதி வழியில் பயம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவையாவது விமானம் நிரம்பவில்லை என்றால் கடையை மூடிவிடுவோம் என்று பணம் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். லொரெய்னுக்கு ஐம்பத்து நாலு வயது. இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள் என்ற கவலையில் ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இன்று வியாழக்கிழமை.

கூடவே பயணம் செய்யும் முதலாளி டன்லீவிக்குக்கூட இருக்கை மிஞ்சவில்லை. சமையல் மூலையில் பணிப்பெண்கள் உட்காரும் மடக்குப் பலகையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பயணிகள் எல்லோரும் வசதியான ஆட்கள்தான். ஆனால் வசதியானவர்களுக்கே உரிய கிறுக்கும் இருந்தது. மூன்றாம் வரிசை அம்மாள் சாப்பாட்டை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துவிட்டு ஆற விட்டாள். ஐந்தாம் வரிசைக்காரர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகைப் படித்தார்.

இரண்டாம் வரிசையில் இருந்தவர் அளவு நாடாவும் கையுமாகக் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். லொரெய்ன் குனிந்து பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஏதாவது தொலைஞ்சு போச்சா சார்?"

"இல்லம்மா, என் கால் நீளம் எவ்வளவுன்னு திடீர்னு ஒரு சந்தேகம்."

"தாராளமா அளந்துக்குங்க சார்" என்றாள் லொரெய்ன். இன்றைக்கு அவர் மண்டையை அளந்திருந்தாலும் பிடித்துக் கொடுத்திருப்பாள்.

நடுக்கடலில் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெல்ட் விளக்கு எரிவதற்குள் முப்பத்திரண்டு பெல்ட்டும் ஒரே நேரத்தில் 'க்ளிக்' என்றன. லண்டனில் இறங்கும்போதும் அவள் வாயைத் திறக்கும் முன்பே மேசைகள் மடங்கின, ஜன்னல் திரைகள் ஏறின, இருக்கைகள் நிமிர்ந்தன. போர்வைகளைக்கூட மடித்து வைத்துவிட்டார்கள்.

"இருபத்தொம்பது வருஷ சர்வீஸ்ல இப்படிச் சொன்ன பேச்சுக் கேக்கற கூட்டத்தை நான் பார்த்ததே இல்லடா" என்றாள் லொரெய்ன்.

"சொல்லவே இல்லையே தலைவி, அதுக்குள்ள கேட்டுட்டாங்க" என்றான் டெரன்ஸ்.

விமானம் நின்றது. லொரெய்ன் கதவருகே நின்று எல்லோரையும் வழியனுப்பத் தொடங்கினாள். பக்கத்திலிருந்து இன்னொரு குரலும் கேட்டது. மூன்றாம் வரிசை அம்மாள் அவளோடு தோள் சேர்ந்து நின்று, "ரொம்ப நன்றி, படி பார்த்து இறங்குங்க, மறுபடியும் வாங்க" என்று இறங்குபவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

லொரெய்ன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, நீங்க எந்தக் கம்பெனி?"

அந்த அம்மாள் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. கதவைப் பார்த்ததும் பழக்கதோஷத்துல நின்னுட்டேன்."

"எங்க விமானத்தை வேவு பார்க்கவா வந்தீங்க?"

"நான் மட்டுமா? ரெண்டாம் வரிசைக்காரர் எங்க போட்டிக் கம்பெனி. பின்னாடி ரெண்டு வரிசையும் லண்டன்காரங்க. முப்பத்திரண்டு பேருமே நம்ம தொழில்தாம்மா. உங்ககிட்ட உலகத்துலயே இல்லாத புது மாதிரி இருக்கை வந்திருக்குன்னு கேள்விப்பட்டோம். வயித்துல புளியைக் கரைச்சுது, ஓடி வந்தோம்" என்றவள், சாப்பாட்டு அட்டையைப் பைக்குள் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

இத்தனை சந்தோஷமும் பொய்யா? லொரெய்ன் நேரே சமையல் மூலைக்குப் போனாள்.

"சார், மோசம் போயிட்டோம்! வந்தவங்க அத்தனை பேரும் போட்டிக் கம்பெனி ஆளுங்க. ஒருத்தர்கூட நிஜமான பயணி இல்ல!"

டன்லீவி மிச்சமிருந்த லாப்ஸ்டர் ரோலை நிதானமாக மென்று விழுங்கினார். "டிக்கெட் வாங்கித்தானே வந்தாங்க?"

"முழுக் கட்டணம் சார், தள்ளுபடிகூடக் கேக்கல. அதுவா இப்ப முக்கியம்? நம்மகிட்ட புதுச் சீட்டு இருக்குன்னு யாரோ கிளப்பி விட்டிருக்கான். இருக்கறது பழைய சீட்டு, உறையை மாத்தினதோட சரி! விஷயம் தெரிஞ்சுபோச்சு, இனிமே ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான். அந்தப் பாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேபினை எட்டிப் பார்த்தார். எல்லோரும் இறங்கியிருந்தார்கள்.

"கத்தாதே லொரெய்ன், அடுத்த வாரம் தலையணையில ஏதோ ரகசியம்னு கிளப்பி விடப் போறேன்."