வாழைப்பழத்துக்கு ரெண்டு தோல்

“போச்சுடா! உரிக்கிற அம்மா வந்துட்டாங்கய்யா!”

சூப்பர் மார்க்கெட் பில் வரிசையில் நின்ற தொப்பிக்காரர் அலறியதும், பின்னால் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவரேதான். பில் போட்டாச்சு, பணமும் கொடுத்தாச்சு. பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே? ம்ஹும். வாங்கியதையெல்லாம் கவுண்டரிலேயே பரப்பி, ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

குடைமிளகாயைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள், ஆப்பிளுக்கு அடியில் இருந்த தெர்மாகோல் தட்டு எல்லாம் கவுண்டர் மேல் குவிந்தன. காயும் பழமும் மட்டும் துணிப்பைக்குள் போயின.

“எப்பப் பாரு என் கவுண்டர்தானா கிடைச்சுது உங்களுக்கு?” பில் போடும் பெண் பொரிந்து தள்ளினாள். “கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து, கை வலிக்க வலிக்க இதையெல்லாம் சுத்தி வெக்கிறது நாங்க. நீங்க பாட்டுக்கு உரிச்சுப் போட்டுட்டுப் போறீங்க!”

“வாழைப்பழத்துக்குக் கடவுளே ஒரு தோலைப் போட்டுத்தான் அனுப்பியிருக்காரு. அதுக்கு மேல இன்னொரு தோல் எதுக்கு? நான் காசு கொடுத்தது பழத்துக்கு. இந்தக் குப்பை உங்களோடது, நீங்களே வெச்சுக்குங்க.”

“நானா சுத்தச் சொன்னேன்? என் உயிரை ஏன் வாங்கறீங்க?”

“நல்லாக் கேளும்மா,” என்று தொப்பிக்காரர் எடுத்துக் கொடுத்தார். “வேலை வெட்டி இல்லாதவங்கல்லாம் ஊரைத் திருத்தக் கிளம்பிடறாங்க. இவங்களுக்குப் பொழுது போகுது. பாவம், இந்தப் பொண்ணு பொழைப்புல மண்ணு விழப் போகுது.”

வரிசையே “ஆமாம்” என்று தலையாட்டியது.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். குப்பையைப் பார்த்ததும் அவருக்கு மூக்கு சிவந்தது.

“கஸ்டமராப் போயிட்டீங்க, அதனால பொறுத்துக்கறேன். போன மாசம் எங்க பேக்கிங் ஆளு ஒருத்தி இதையேதான் கேட்டா. அன்னிக்கே சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டேன், தெரியுமா?”

“நான் உங்ககிட்ட சம்பளம் வாங்கலையே,” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா நிதானமாக வெள்ளரிக்காயை உரித்தார்.

பில் போடும் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான், வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் மெதுவாக முன்னால் வந்தாள். “சார், எனக்கும் இந்தத் தட்டு வேண்டாம். எங்க வீட்டுக் குப்பைத்தொட்டி இதுலயே ரொம்பிடுது.”

அவளும் உரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் தொப்பிக்காரரே, “எப்படியும் நிக்கத்தானே போறோம்” என்று முணுமுணுத்துக்கொண்டு தன் தக்காளியை உரித்தார்.

கவுண்டரில் கம்ப்யூட்டரே தெரியவில்லை. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“போதும்மா தாயே! நாளையிலேர்ந்து காயும் பழமும் சும்மாவே கொட்டி வெக்கிறோம். கிளம்புங்க!”

பிறகு பில் போடும் பெண்ணைத் தட்டிக் கொடுத்தார். “நீ நம்ம கடைக்காக என்னமா சண்டை போட்டே! இதுக்குப் பேர்தான் விசுவாசம்.”

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறையில் குடைமிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தார், அதே உரிக்கிற அம்மா.

“அத்தை, இன்னிக்கு உங்களை ரொம்பக் கத்திட்டேனா?”

“கத்தாம இருந்தா அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்குமே! ஜோராக் கத்தினே. எனக்கே ஒரு நிமிஷம் கோபம் வந்துடுச்சு.”

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. “சுத்த வேண்டாம்னு மனசுக்குள்ள புழுங்கினது நான். ஊர்கிட்ட பேச்சு வாங்கறது நீங்க. வேலை வெட்டி இல்லாதவங்கன்னு அவர் சொன்னப்ப எனக்குத் தாங்கலை அத்தை.”

“அட, போடி! நீ வாயைத் திறந்தா வேலை போயிடும்,” என்றார் மாமியார். “நான் திறந்தா மானம்தானே? போனாப் போகுது!”