பிளாக் நேரம்

கர்டர் தரையை விட்டு எழும்பியதும் அவள் மூச்சுவிட மறந்தாள்.

ஒரு தெருவின் நீளம் இருந்தது அந்த இரும்பு உத்தரம். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல, இரண்டு கிரேன்கள் அதைத் தண்டவாளங்களுக்கு மேலே மெல்ல நகர்த்தின.

கம்பியில் மின்சாரம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் ரயில் இல்லை.

மேம்பால வேலைக்காக ரயில்வே ஒதுக்கிய இரண்டு மணி நேரம். பிளாக் என்பார்கள். இந்த வேலையின் பொறியாளராகப் பலமுறை அலைந்து கேட்டு வாங்கியது அவள்தான். அந்தப் பாதையின் வண்டிகள் எல்லாம் அவளுக்காக அங்கங்கே நின்றுகொண்டிருந்தன. நினைத்தால் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

அதில் ஒரு வண்டியில் அவளுடைய மேலாளர் சேர்மராஜும் இருந்தார்.

பிளாக் தேதிக்கு ஒப்புதல் கொடுத்தவர் அவர். ஊரிலிருந்து திரும்ப அதே நாளுக்கு டிக்கெட் போட்டவரும் அவரேதான். சொந்தக் காசில் சூனியம்.

திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கு அவள் ஒரு வருடமாகப் படிக்கிறாள். தேர்வு எழுத விண்ணப்பிக்க வேண்டும் என்றால், இந்த வேலையை முன்னின்று நடத்தியவள் அவள் என்று மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் கேட்டாள். நடத்துவது நான், நீ கூடமாட இருக்கிறவள் என்று சிரித்தார். அத்தோடு விண்ணப்பம் நிற்கிறது.

போன் அடித்தது. அவர்தான். வண்டி நடுக்காட்டில் நிற்கிறதாம். அவர் வந்து சேரும்வரை கர்டரை இறக்கக் கூடாதாம்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"சார், இது எறங்குனாத்தான் உங்க வண்டியே கெளம்பும்."

அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

காற்று கிளம்பியது. கர்டர் லேசாக ஆடியது.

அவள் கையை உயர்த்தினாள்.

எல்லாம் நின்றன. கிரேன்கள், கயிறு பிடித்திருந்தவர்கள், கொடியோடு நின்ற ரயில்வே அதிகாரி. அத்தனை கண்களும் அவள் கைமேல் இருந்தன. மேலாளர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய அமைதியைப் பற்றி அவள் படித்த புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

காற்று தணிந்தது.

கையை இறக்கினாள். கையோடு கர்டரும் இறங்கியது.

தூண்களில் அது உட்கார்ந்தபோது கேட்டது ஒரு சின்னச் சத்தம்தான். அவளுக்கு அழுகை வந்தது.

பிளாக் முடிந்து முதல் வண்டி வந்தது. மெதுவாகத்தான் வந்தது. வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்ற சேர்மராஜ், அண்ணாந்த தலையைத் தாழ்த்தாமலே பாலத்துக்கு அடியில் கடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"அந்தக் கையெழுத்த எங்கம்மா போடணும்?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே பாலத்தின் அடியைப் பார்த்தாள்.

தண்டவாளத்தின் குறுக்கே ஒரு நிழல் விழுந்திருந்தது. காலையில் அது அங்கே இல்லை.