ஒரு வருசம் பாப்போம்

ஃப்ரீசர் இருந்த இடத்தில் நாய் பிஸ்கட் அடுக்கியிருந்தார்கள்.

அவர் கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த வரிசையில் பூனைக்கான உணவு. அதற்கடுத்து ஓட்ஸ்.

எங்கும் குளிர் இல்லை.

நாளை மனைவி பொற்கொடிக்கு முதல் வருடப் படையல். சமையல் முழுக்க அவள் தங்கை கலைமணியின் கையில். இவரிடம் விட்டது ஒன்றே ஒன்று.

“அக்கா சாப்பிட்டதெல்லாம் நான் வச்சிருவேன் அத்தான். ஆசப்பட்டு சாப்பிடாமப் போனது எதுவோ, அத நீங்க வாங்கியாங்க.”

எது என்று அவருக்குத் தெரியும். கடையில் இன்னும் விற்கிறார்களா என்பதுதான் தெரியாது.

கல்யாணமான புதிதிலிருந்து இதே கடை.

அப்போது நீள மேசைக்கு அந்தப் பக்கம் சாமான், இந்தப் பக்கம் ஜனம். பருப்பு என்று கேட்டால் பொட்டலம் வரும். பிறகு ஒரு நாள் மேசையை எடுத்துவிட்டார்கள். எல்லாம் கைக்கெட்டும் அடுக்குகளில். பொற்கொடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தாள், பொருட்காட்சி பார்ப்பதுபோல.

“தொடலாம்மா. பிரிச்சுத் திங்கத்தான் கூடாது” என்றார் கடை ஊழியர்.

அவள் ஒரு ஜாம் பாட்டிலைத் தொட்டாள். தொட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

புதிதாக வரும் எதையும் அவள் உடனே வாங்கியதில்லை.

“ஒரு வருசம் பாப்போம். கடைக்காரனே தூக்காம வச்சிருந்தா நாமளும் வாங்கலாம்.”

மாதா மாதம் வருவார்கள். அவர் வண்டியைத் தள்ளுவார். அவள் முன்னால் நடப்பாள், சோதனைக்கு வந்த அதிகாரிபோல.

நூடுல்ஸ் தேறியது. காளான் தேறியது. கார்ன்ஃப்ளேக்ஸ் தேறி, வீட்டுக்கு வந்து, சூடான பாலில் கூழாகிப்போனது. டப்பாவில் அடைத்த சூப் தேறவில்லை. பச்சை நிறத்தில் ஒரு தக்காளி சாஸ் வந்தது. அடுத்த தீபாவளிக்குள் காணோம். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

பாக்கெட் இட்லி மாவு தேறியும் வாங்கவில்லை. அது வேறு விஷயம் என்றாள்.

உரித்த வெங்காயம். துருவிய தேங்காய். பாதி வெந்த சப்பாத்தி. சின்ன வயதில் அரிசி இல்லாத நாட்களில் தின்ற வரகு, பளபளப்பான பையில், பாசுமதியைவிடக் கூடுதல் விலைக்கு.

அதை மட்டும் நின்று முறைத்தாள்.

கடைசியாக வந்தது மோமோ.

ஃப்ரீசரின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் குளிர்ப் புகை. கொழுக்கட்டைதானே, உள்ளே கோஸையும் கேரட்டையும் வைத்து மடித்திருக்கிறான் என்றாள். பையை எடுத்தாள். திருப்பினாள். வாங்கிவிடுவாள் என்றுகூட அவர் நினைத்தார். கதவை மூடச் சொல்லி ஊழியர் வந்ததும் திரும்ப வைத்தாள்.

ஒரு வருசம் பாப்போம்.

அந்த மாதமே போய்விட்டாள்.

கைபேசி அடித்தது. கலைமணி.

“கெடச்சிருச்சா அத்தான்?”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

“இல்லாட்டி வந்துருங்க. கொழுக்கட்டை மாதிரிதானன்னீங்க? நானே புடிச்சு வச்சிர்றேன்.”

“கடையில இருந்தாத்தான் வைக்கணும்.”

“இது என்ன கணக்கு?”

“உங்கக்கா கணக்கு.”

மறுமுனையில் பாத்திரம் உருளும் சத்தம்.

“சரி, என்னமோ வாங்குங்க. வாங்குன எடத்துல ருசி பாத்துறாதீங்க. படைச்சப்புறந்தான் நம்ம வாயி.”

அவர் எண்ணெய் டின்களைத் தாண்டிக் கடையின் கோடிக்குப் போனார்.

ஃப்ரீசர் அங்கே இருந்தது. முன்பு ஒன்று. இப்போது சுவர் முழுக்க. பரோட்டா, இடியாப்பம், பட்டாணி, மசாலா தடவிய மீன், துண்டு போட்ட பலா.

ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். இல்லாவிட்டால் அது தேறவில்லை என்று ஆகிவிடும். தேறாத ஒன்றை அவள் இலையில் வைக்க முடியாது. வைக்க வேறு எதுவும் அவரிடம் இல்லை.

கடைசிக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஒரு வகை அல்ல, நான்கு வகை.

கண்ணாடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோஸும் கேரட்டும் வைத்ததை எடுத்தார்.

பக்கத்தில் ஒரு சின்ன மேசை. ஆவி பறக்கும் பாத்திரம். கம்பெனித் தொப்பி போட்ட பெண் ஒரு மோமோவைப் பல்குச்சியில் குத்தி நீட்டினாள்.

“சாப்பிட்டுப் பாருங்க சார். ஃப்ரீதான்.”

“வேணாம்மா.”

“வெஜ்தான் சார். பயப்படாதீங்க.”

“வீட்டுக்காரி சாப்பிட்டப்புறந்தான் நான்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். குச்சியைத் தட்டில் வைத்தாள்.

“எங்க வீட்ல எங்கப்பா சாப்பிட்டு எந்திரிச்சாத்தான் எங்கம்மா தட்டையே எடுக்கும். உங்க வீட்ல அப்படியே தலைகீழா? தெனமும் அவங்கதான் மொதல்லயா சார்?”

அவர் பையைக் கூடைக்குள் வைத்தார்.

“நாளைக்கு மட்டும்.”