விசாரிக்க வந்தவர்

ஆறு மாதமாக மகன் ஊர் ஊராகப் போய், சுவரேறிக் குதித்தவன்போல முழங்கால் சிராய்ப்போடு திரும்பிக்கொண்டிருந்தான். கேட்டால் வாயே திறப்பதில்லை.

இன்று வாசலில் போலீஸ்காரர். கையில் அவன் போட்டோ.

தாய் கதவை மறைத்து நின்றாள். மகன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பையன் இந்த வீடுதானே? ஆள் எப்படி?"

"அந்தத் தறுதலைய அடிச்சு விரட்டி வருஷமாச்சுங்க ஐயா! எங்க எவன் குடியைக் கெடுக்கிறானோ!"

அவர் எழுதிக்கொண்டு போனார்.

தலை துவட்டியபடி மகன் வந்தான். "யாரும்மா?"

"போலீஸ்டா! நல்லவேளை, சமாளிச்சு அனுப்பிட்டேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஊர் ஊரா ஆள் எடுக்கிற இடத்துல ஓடி, கயிறேறி, முட்டி தேய்ஞ்சு, கடைசியா இப்பத்தாம்மா போலீஸ் வேலைக்குத் தேறினேன். வேலை ஆர்டர் கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். நான் நல்லவனான்னு விசாரிக்கத்தாம்மா அவரு வந்தாரு!"