இருபதாவது நொடி

“கேப்டன் சாக மாட்டேங்கிறான். காலையிலிருந்து முப்பத்தோரு தடவை பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் குத்துக்கல்லு மாதிரி முழுசா வெளிய வர்றான்!”

கேமை ஆடிப் பார்க்கும் டெஸ்டர், கையிலிருந்த கன்ட்ரோலரை மேசைமேல் போட்டான். தப்பு எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து, சரிசெய்யும் வரை காதருகே ரீங்காரமிடுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்குக் கொசு என்று பெயர்.

புரோகிராமர் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் திரைக்கு வந்தாள். “விளையாடாத கொசு. நிஜமாவா?”

பதினெட்டு வருடங்களுக்கு முன் சக்கைப்போடு போட்ட மூன்று துப்பாக்கிச் சண்டை கேம்களைத் தூசு தட்டி, புது மெஷினுக்கு ஏற்ப மெருகேற்றி, ஒரே தொகுப்பாக வெளியிடும் வேலை அவர்களுடையது. மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பிரதியை அனுப்பியாக வேண்டும்.

முதல் கேமின் முடிவில் கிடங்குக்குள் குண்டு ஓடிக்கொண்டிருக்கும். கேப்டன் நம்மை வெளியே தள்ளிவிட்டுப் பின்னாலேயே ஓடி வருவான். வாசலுக்கு இரண்டடி முன்னால் குண்டு வெடித்துச் செத்துப்போவான். இரண்டாவது கேம் தொடங்குவதே அவன் கல்லறையில்தான்.

“இவன் பொழச்சுக்கிட்டா ரெண்டாவதுல யாரைப் புதைக்கிறது? உன்னையா?” என்றாள்.

“என்னைப் புதைச்சா ஒருத்தனும் அழ மாட்டான். கேம் ஊத்திக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “இந்தச் சாவைப் பார்த்துட்டு நான் ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா? அப்ப எனக்குப் பதினாலு வயசு. இப்படி ஒண்ணை நானும் செஞ்சே தீரணும்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்.”

“அப்போ நீ இங்க வந்து என் உசுரை வாங்குறதுக்கு இவன்தான் காரணமா?”

பழைய ஃபைல்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். கேப்டனை ஓடச் சொல்லும் உத்தரவு இருந்தது. கதவைத் திறக்கச் சொல்லும் உத்தரவு இருந்தது. சாகச் சொல்லும் உத்தரவு மட்டும் எங்கேயும் இல்லை. மூன்று மணிக்குத்தான் மேசையைத் தட்டினாள்.

“பிடிச்சுட்டேன்! இங்க வா. குண்டுக்கு ஒரு கடிகாரம் இருக்கு. இருபது நொடி ஆச்சுன்னா வெடிக்கும். கேப்டனுக்குக் கடிகாரமே கிடையாது. மெஷின் திரையில ஒரு படம் வரைஞ்சா அவன் ஒரு இம்மி நகருவான், அவ்வளவுதான். பழைய மெஷின் நொடிக்கு முப்பது படம் வரையும். கிடங்குல புகை வந்ததும் அதுக்கு மூச்சு முட்டிரும். பதினஞ்சுதான் வரையும்.”

“அப்போ கேப்டனும் பாதி வேகத்துல ஓடுவான்!”

“அதேதான். வாசலுக்கு வர்றதுக்குள்ள இருபது நொடி தீர்ந்துடும். நம்ம மெஷினுக்கு இந்தப் புகையெல்லாம் தூசு. முப்பதும் கச்சிதமா வரையுது, அவனும் நேரத்துக்கு வந்துடறான். புகையோட பாரத்தை வச்சே ஒரு ஆளைக் கொன்னிருக்காங்க கொசு! அதனாலதான் அவன் தடுமாறுறது அவ்வளவு நிஜமா இருந்துச்சு. என்னா மூளை!”

ஆனால் கதை எழுதிய மேடத்தைக் கேட்காமல் அந்தக் காட்சியில் யாரும் கைவைக்கக் கூடாது. அந்த ஒரு சாவுக்காக அவருக்கு இரண்டு விருதுகள். ‘நாயகனைக் கொல்லும் துணிச்சல்’ என்று இன்றைக்கும் கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள்.

நாலரைக்கு மேடம் வந்தார்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். எங்க மெஷின்ல கேப்டன் பொழச்சுக்கிறான்” என்றாள் புரோகிராமர், தானே கொலை செய்துவிட்டதுபோல.

கொசு ஆடிக் காட்டினான். புகை எழுந்தது. கேப்டன் ஓடி வந்தான். வாசலைத் தாண்டினான். பின்னால் கிடங்கு வெடித்துச் சிதறியது. காலையிலிருந்து செய்ததுபோலவே ஆட்டத்தை நிறுத்தக் கொசுவின் விரல் போனது.

மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். “நிறுத்தாதீங்க.”

திரையில் கேப்டன் குனிந்து மூச்சு வாங்கினான். தலைக்கவசத்தைக் கழற்றினான். நம்மைப் பார்த்துத் திரும்பினான்.

“எல்லாரும் வந்தாச்சா? சரி, வாங்க. வீட்டுக்குப் போலாம்.”

கொசுவின் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவியது. புரோகிராமர் திரையருகே குனிந்தாள். “மேடம்... இப்படி ஒரு வசனம்... நான் நூறு தடவை ஆடியிருக்கேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே!”

“யாருமே கேட்டதில்லம்மா.” மேடம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “நான் எழுதின முடிவு இதுதான். எங்க ஆபீஸ்ல இருந்தது பெரிய மெஷின், அதுல இவன் ஒழுங்கா வெளிய வந்தான். வீட்டு மெஷின்ல செத்துப்போறான்னு, கேம் கடைக்குப் போனப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. திருத்தலாம்னு உட்கார்றதுக்குள்ள மூட்டை மூட்டையா கடிதாசு வந்துடுச்சு. எல்லாரும் அழுதிருந்தாங்க.”

ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“இப்ப என்ன மேடம் பண்றது?” என்றாள் புரோகிராமர்.

மேடம் திரையில் உயிரோடு நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புகை வந்ததும் அவன் வேகத்தைப் பாதியாக்கிடு. வாசலுக்கு ரெண்டடி முன்னாடி செத்துடுவான்.”