தெருமுனைப் பலகை

மார்ச் 3, காலை ஏழரை மணி. ஏழாவது வார்டில் ஒரு வீட்டுக் குப்பை மூன்றாவது முறையாக வாசலுக்கே திரும்பி வந்தது.

"வாழைப்பழத் தோலோட மாத்திரை அட்டை கிடக்கு சார். பிரிக்காத குப்பையை எடுக்க மாட்டோம்" என்றார் வண்டியோடு வந்த துப்புரவுப் பணியாளர்.

"இந்த ஒரு தடவை விட்டுடும்மா" என்றார் பனியனோடு நின்ற வீட்டுக்காரர்.

"மூணு தடவை ஆயிடுச்சு. தெருமுனை போர்டுல பேர் எழுதியாகணும்."

"பேர் வந்தா வெளியில தலைகாட்ட முடியாதும்மா!"

"எதிர்வீட்டு வாத்தியார் பேரை எழுதினப்ப நீங்கதானே சார் கைதட்டினீங்க?"

ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா எழுதும்மா! வாய் கிழியப் பேசத் தெரியுது, ஒரு அட்டையைத் தனியாப் போடத் தெரியல."

"நீ யார் பக்கம்டி?"

"குப்பை வண்டி பக்கம்."

"நான் என்ன சார் பண்றது?" என்றார் பணியாளர். "உத்தரவு போட்டவரைத்தான் கேக்கணும்."

வீட்டுக்காரர் குப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை தெருமுனைப் பலகையில் அவர் பெயர் இரண்டு இடங்களில் இருந்தது. மேலே, குப்பையைப் பிரிக்காதவர்கள் பட்டியலில், சாக்பீஸில். கீழே, 'உத்தரவுப்படி, நகராட்சித் தலைவர்' என்ற வரிக்கு அடியில், பெயிண்டில்.